45,000 புள்ளிகளும் ஒரு மங்கலான பூனையும்

2024 செப்டம்பரில் நியூராலிங்க் நிறுவனத்தின் 'பிளைண்ட்சைட்' கருவிக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 'பிரேக்த்ரூ டிவைஸ்' என்ற தகுதியைக் கொடுத்தது. உடனே ஈலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் ஒரு பதிவு போட்டார். இரண்டு கண்ணும் பார்வை நரம்பும் போனவர்களும் இதை வைத்துப் பார்க்கலாம், விஷுவல் கார்டெக்ஸ் மட்டும் சரியாக இருந்தால் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் முதல்முறையாகப் பார்க்கலாம், ஆரம்பத்தில் அட்டாரி வீடியோ கேம் மாதிரி இருக்கும், போகப்போக இயற்கைப் பார்வையையே மிஞ்சலாம், அகச்சிவப்பு, புறஊதா கூடத் தெரியலாம் என்பது அதன் சாரம்.

இந்தப் பதிவைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். மஸ்க்கைத் திட்டுவது நோக்கமில்லை, அதற்கு இணையத்தில் ஆள் நிறைய இருக்கிறார்கள். இந்தத் துறைக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. அந்த வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இந்த வாக்குறுதியில் எந்த வரி நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு சின்ன விஷயம். 'பிரேக்த்ரூ டிவைஸ்' என்றால் கருவி வேலை செய்கிறது என்று எஃப்டிஏ சான்றிதழ் கொடுத்துவிட்டதாக அர்த்தம் இல்லை, விற்கலாம் என்றும் இல்லை. கடுமையான பாதிப்புக்கான கருவி என்பதால் பரிசீலனையில் முன்னுரிமை தருகிறோம், அடிக்கடி பேசுகிறோம் என்பதுதான். ரயில்வே கவுண்ட்டரில் தனி வரிசை கிடைத்த மாதிரி. டிக்கெட் இன்னும் கையில் வரவில்லை.

இது புது யோசனை இல்லை

மூளையின் பின்பகுதியில் மின்சாரம் கொடுத்தால் கண்ணை மூடியிருந்தாலும் வெளிச்சப் புள்ளி தெரியும் என்பதை 1929-லேயே ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர் பதிவு செய்திருக்கிறார். இந்தப் புள்ளிக்குப் பெயர் ஃபாஸ்பீன். இருட்டில் கண்ணை அழுத்தித் தேய்த்தால் மின்மினி பறக்குமே, அதன் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1968-ல் இங்கிலாந்தில் ஜைல்ஸ் பிரிண்ட்லியும் வால்போல் லெவினும், பார்வை இழந்த 52 வயதுப் பெண் ஒருவரின் விஷுவல் கார்டெக்ஸ் மேல் 80 எலக்ட்ரோடுகளை வைத்தார்கள். மண்டைத்தோலுக்கு அடியில் சின்ன ரேடியோ ரிசீவர்கள், வெளியிலிருந்து சிக்னல். ஃபாஸ்பீன்கள் தெரிந்தன. இரண்டு முக்கியமான விஷயங்களும் அப்போதே தெரிந்தன. ஒன்று, எலக்ட்ரோடுகளை மிக அருகருகே வைத்தால் இரண்டு புள்ளி தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகிவிடும். இன்னொன்று, அந்தப் பெண் கண்ணை அசைத்தால் புள்ளிகளும் கூடவே நகர்ந்தன. இரண்டாவது ஏன் தலைவலி என்றால், கேமரா மூக்குக்கண்ணாடியில் இருக்கிறது, அது கண்ணோடு நகராது. கண் இடது பக்கம் போனால், நேரே இருக்கும் கதவும் இடது பக்கம் போனதாகத் தெரியும்.

அடுத்து அமெரிக்காவின் வில்லியம் டோபெல். 1970-களிலிருந்து இதே வேலையில் இருந்தவர். 2002-ல் போர்ச்சுகலின் லிஸ்பனில் வைத்து, பணம் கட்டி வந்தவர்களுக்கு மூளையில் கருவி பொருத்தினார். ஒரு கனடாக்காரர் அதை வைத்துக்கொண்டு காலி இடத்தில் காரையே மெதுவாக ஓட்டினார், உலகம் முழுக்கச் செய்தியானது. 2004-ல் டோபெல் இறந்துபோனார். அவரோடு கருவியைப் பராமரிக்கும் ஆளும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கனடாக்காரர் கடைசியில் அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

இந்த டோபெல் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அதே கதை பெரிய அளவில் திரும்ப வருகிறது.

எலக்ட்ரோடு என்பது பிக்சல் இல்லை

'ஆரம்பத்தில் அட்டாரி, அப்புறம் எச்டி' என்ற வாக்கியத்துக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒரு எலக்ட்ரோடு, ஒரு பிக்சல். எலக்ட்ரோடு எண்ணிக்கை கூடினால் ரெசல்யூஷன் கூடும். கம்ப்யூட்டர் பக்கம் இருப்பவர்களுக்கு இது ரொம்ப இயல்பாகப் படும், ஏனென்றால் மானிட்டர் அப்படித்தான் வேலை செய்கிறது.

மூளை அப்படி இல்லை. 1950-களின் கடைசியில் தொடங்கி டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் செய்த ஆராய்ச்சிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. விஷுவல் கார்டெக்ஸில் உள்ள நியூரான்கள் வெளிச்சப் புள்ளியைப் பார்த்துக் காத்திருப்பதில்லை என்று அவர்கள் காட்டினார்கள். ஒன்று சாய்ந்த கோட்டுக்கு மட்டும் எழும்பும், பக்கத்தில் இருப்பது நேர்க்கோட்டுக்கு. ஒன்று இடது கண்ணுக்கு அதிகம் பதில் சொல்லும், இன்னொன்று வலது கண்ணுக்கு. சில நியூரான்கள் குறிப்பிட்ட திசையில் நகர்ந்தால்தான் எழும்பும். காட்சி அங்கே வந்து சேரும்போது ஏற்கெனவே பல கட்டம் பிராசஸ் ஆகி, வேறொரு வடிவத்தில்தான் இருக்கிறது.

ஒரு எலக்ட்ரோடு மின்சாரம் கொடுக்கும்போது, அதன் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான நியூரான்கள் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. சாய்ந்த கோடு, நேர்க்கோடு, வெளிச்சத்துக்கு எழும்புவது, இருட்டுக்கு எழும்புவது எல்லாம் சேர்ந்து. இயற்கையில் எந்தக் காட்சியும் இவை எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்பாது.

தமிழில் ரொம்ப வருடமாகக் கணினியில் எழுதுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பழைய டிஸ்கியில் எழுதிய ஒரு பக்கத்தை யூனிகோடாக நினைத்துத் திறந்தால் என்ன வரும்? கிறுக்கல். ஒவ்வொரு பைட்டும் சரியாகத்தான் வந்து சேர்ந்திருக்கும், படிக்கத்தான் முடியாது. இன்னும் வேகமான நெட் கனெக்‌ஷன் போட்டால் கிறுக்கல் தெளிவாகாது, சீக்கிரம் வந்து சேரும். அங்கே குறை என்கோடிங்கில் இருக்கிறது. மூளைக்குள் வைக்கும் கருவிகளின் நிலைமையும் பெரும்பாலும் இதுதான். விஷுவல் கார்டெக்ஸின் என்கோடிங்கை ஓரளவு தெரிந்து வைத்திருக்கிறோம். அந்த என்கோடிங்கில் எழுதும் கருவி நம்மிடம் இன்னும் இல்லை.

பூனை

இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அயோன் ஃபைன், ஜெஃப்ரி பாய்ன்ட்டன் இருவரும் 2024-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதர்களிடமும் விலங்குகளிடமும் இதுவரை செய்த மூளைத் தூண்டல் சோதனைகளின் முடிவுகளோடு ஒத்துப்போகிற மாதிரி ஒரு கணினி மாடல். ஒரு 'விர்ச்சுவல் நோயாளி' என்று சொல்லலாம்.

அதில் ஒரு பூனை வீடியோ. 45,000 பிக்சலில் பார்த்தால் பூனை தெளிவாகத் தெரிகிறது. அதே பூனையை விஷுவல் கார்டெக்ஸில் 45,000 எலக்ட்ரோடு வைத்தவர் எப்படிப் பார்ப்பார் என்று மாடலில் ஓட்டினால், ஒரு மங்கலான உருவம் அசைகிறது. பூனை என்று சொல்லிவிட்டால் 'ஓ, ஆமா' என்று தோன்றும், அவ்வளவுதான்.

காரணம் எளிமையானது. ஒவ்வொரு நியூரானும் பார்வைப் புலத்தில் ஒரு குறிப்பிட்ட பரப்பைக் கவனிக்கிறது. ஒரு எலக்ட்ரோடு உண்டாக்கும் ஃபாஸ்பீனின் அளவு, அது எழுப்பும் நியூரான்களின் பரப்புகள் எல்லாம் சேர்ந்தது. எனவே எலக்ட்ரோடை எவ்வளவு பொடியாக ஆக்கினாலும், ஒரு கட்டத்துக்குக் கீழே ஃபாஸ்பீன் சின்னதாகாது. கதவு பெயிண்ட் அடிக்கும் தட்டைப் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, புள்ளிகளை எவ்வளவு நெருக்கமாக வைத்தாலும் கோலம் வராது, திட்டுதான் வரும்.

மாடல் என்பது மாடல்தான், நிஜ மூளை வேறு மாதிரி நடந்துகொள்ளலாம் என்று கேட்கலாம், நியாயம். ஆனால் நிஜ மூளையில் கிடைத்திருப்பதும் மாடலை மறுக்கவில்லை. ஸ்பெயினில் எட்வர்டோ ஃபெர்னாண்டஸ் குழு, 16 வருடமாகப் பார்வையே இல்லாத 57 வயதுப் பெண் ஒருவரின் கார்டெக்ஸில் 96 எலக்ட்ரோடு கொண்ட யூட்டா அர்ரேயை ஆறு மாதம் வைத்திருந்தது. 2021-ல் முடிவு வந்தது. அவரால் சில எழுத்துகளையும் பொருள்களின் எல்லைகளையும் கண்டுபிடிக்க முடிந்தது. சாதனைதான், சந்தேகமே இல்லை. அதே நேரம் 'எழுத்து' என்பதற்கும் 'காட்சி' என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தையும் அது காட்டுகிறது.

இன்னொரு சுவாரசியமான சோதனை, டெக்ஸாஸ் பேலர் மருத்துவக் கல்லூரிக் குழு 2020-ல் வெளியிட்டது. பல எலக்ட்ரோடுகளை ஒரே நேரத்தில் போட்டால் எழுத்து தெரியவில்லை, புள்ளிகள் ஒட்டிக் குழம்பின. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் போட்டு, உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவது போல மூளையில் எழுதினால் தெரிந்தது. பார்வை இல்லாத ஒருவர் நிமிடத்துக்கு 86 வடிவங்கள் வரை அடையாளம் கண்டார். எலக்ட்ரோடைக் கூட்டாமல் எழுதும் முறையை மாற்றியதால் கிடைத்த முன்னேற்றம் இது. இதை 'பிக்சல்' என்ற சொல்லில் அடக்கவே முடியாது.

நம்பிக்கை வைத்திருப்பவர்களின் வலுவான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். காதுக்கு வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்டில் இருப்பது 22 எலக்ட்ரோடு மாதிரிதான். அதை வைத்தே லட்சக்கணக்கான பேர் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். மூளை பழகிவிடுகிறது, அப்படிக் கண்ணும் பழகாதா?

பேச்சு நேரத்தில் ஓடும் விஷயம். ஏற்ற இறக்கத்தின் தாளம் கிடைத்தாலே மொழியறிவு மீதியை நிரப்பிவிடும். காக்ளியாவில் ஒலிகள் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன, எலக்ட்ரோடு எங்கே வைக்க வேண்டும் என்பது தெளிவு. இவ்வளவு இருந்தும் காக்ளியர் வைத்தவர்களில் பலருக்கு சங்கீதம் கேட்பது கஷ்டம். தெருவைக் கடக்கும்போது கண் செய்யும் வேலை, பேச்சைவிட சங்கீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள்

பதிவில் எனக்கு மிகவும் உறுத்தும் வரி இதுதான். கார்டெக்ஸ் 'சரியாக' இருந்தால் போதும் என்கிறது. ஆனால் பிறவியிலேயே பார்வை இல்லாதவரின் விஷுவல் கார்டெக்ஸ் பூட்டிக் கிடக்கும் வீடு இல்லை. அங்கே வேறு குடித்தனம் நடக்கிறது.

சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் படிக்கும்போது அந்தப் பகுதி வேலை செய்கிறது என்று 1996-ல் தெரியவந்தது. 1997-ல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பகுதியைக் காந்தத் தூண்டல் மூலம் தற்காலிகமாகக் குழப்பினால் அவர்கள் பிரெய்ல் படிப்பதில் தடுமாறுகிறார்கள் என்று காட்டினார்கள். பின்னர் செய்த ஒரு சோதனையில், அதே இடத்தைத் தூண்டியபோது பிரெய்ல் படிக்கும் சிலருக்கு வெளிச்சம் தெரியவில்லை, விரல் நுனியில் தொடு உணர்வு வந்தது. அப்படியானால் அங்கே சிப் வைத்து 'ஒளி' அனுப்பினால் என்ன கிடைக்கும்? ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கட்டிவைத்திருக்கும் வாசிப்புத் திறனை அது பாதிக்குமா? இந்தக் கேள்வி அந்தப் பதிவில் இல்லை.

'திடீரென்று கண் தெரிந்தால்' என்ன ஆகும் என்பதற்கும் நிஜ சாட்சியங்கள் இருக்கின்றன. 40 வருடத்துக்கும் மேல் பார்வை இல்லாமல் இருந்து, 2000-ல் அறுவை சிகிச்சையில் ஒரு கண் சரியான ஒருவரை, மேலே சொன்ன அதே அயோன் ஃபைன் ஆராய்ந்திருக்கிறார். கண் நன்றாக இருந்தது. நிறமும் அசைவும் தெரிந்தன. முகங்களையும் முப்பரிமாணப் பொருள்களையும் அடையாளம் காண்பது அவருக்குக் கடினமாகவே இருந்தது.

மறுபக்கத்தையும் வைக்கிறேன். எம்ஐடி பேராசிரியர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில், வட இந்தியாவில் பிறவிக் கண்புரையோடு வளர்ந்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்வதை ஆராய்ந்தார்கள். கையால் தொட்டுத் தெரிந்த பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல முடியுமா என்பது 1688-லிருந்து தத்துவவாதிகள் கேட்கும் மோலினோ கேள்வி. 2011-ல் வந்த முடிவின்படி, அறுவை முடிந்ததும் அந்தக் குழந்தைகளால் முடியவில்லை. சில நாட்களிலேயே கற்க ஆரம்பித்துவிட்டார்கள். மூளையின் நெகிழ்வு நாம் நினைத்ததைவிடப் பெரியது என்பதற்கு இது சான்று. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது நிஜக் கண் வழியாக, இயற்கை என்கோடிங்கில் வந்த சிக்னல். நாற்பது வயதுக்காரருக்கு மின்முனை வழியாக வரும் கிறுக்கலுக்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது.

நிறுவனம் போனால் கண்ணும் போகும்

இதுவரை சொன்னது அறிவியல். அடுத்தது வியாபாரம், எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

கலிஃபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனத்தின் ஆர்கஸ் II, விழித்திரையின் மேல் வைக்கும் 60 எலக்ட்ரோடு கருவி. ஐரோப்பாவில் 2011-லும் அமெரிக்காவில் 2013-லும் அனுமதி கிடைத்தது. விலை சுமார் 1,50,000 டாலர், அறுவை சிகிச்சைச் செலவு தனி. சோதனையில் கிடைத்த அதிகபட்சப் பார்வைக் கூர்மை 20/1260. அமெரிக்கச் சட்டப்படி 20/200-க்குக் கீழே இருந்தாலே பார்வையற்றவர்தான். ஆனாலும் கதவு எங்கே, ஜன்னல் எங்கே, எதிரே ஆள் வருகிறாரா என்று தெரிவது சிலருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

2019-ல் நிறுவனம் ஆர்கஸ் II-ஐ நிறுத்தி, மூளையில் நேரடியாக வைக்கும் ஓரியன் கருவி பக்கம் திரும்பியது. 2020-ல் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. 2022-ல் மருந்து செலுத்தும் இம்ப்ளான்ட் செய்யும் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழ், கருவி வைத்தவர்களைத் தேடிப்போய் ஒரு நீண்ட புலனாய்வுக் கட்டுரை எழுதியது. நியூயார்க் சப்வேயில் நடந்துகொண்டிருந்தபோது ஒருவருக்குக் கருவி பீப் அடித்து நின்றுபோனது, அதோடு சரி. இன்னொருவருக்குத் தலைச்சுற்றல், எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், கண்ணுக்குள் இருக்கும் கருவியோடு எடுக்கலாமா என்று கேட்க நிறுவனத்தைக் கூப்பிட்டால் உதவ ஆளில்லை. கண்ணாடி உடைந்தாலோ இடுப்பில் மாட்டும் பிராசஸர் கெட்டாலோ உதிரி பாகத்துக்கு அலைய வேண்டிய நிலை.

சாஃப்ட்வேரில் நாங்கள் 'எண்ட் ஆஃப் லைஃப்' என்று ரொம்பச் சாதாரணமாகச் சொல்லும் சொல் இது. ஒரு பழைய வெர்ஷனுக்கு இனி சப்போர்ட் இல்லை என்று ஒரு மின்னஞ்சல் போகும், வாடிக்கையாளர் முணுமுணுத்துக்கொண்டே புதிதுக்கு மாறுவார். இங்கே அந்த வெர்ஷன் ஒருவரின் கண்ணுக்குள் தைக்கப்பட்டிருக்கிறது. மாறுவதற்கு எதுவும் இல்லை. எடுப்பதென்றால் இன்னொரு அறுவை சிகிச்சை.

செகண்ட் சைட் மட்டும் என்றால் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். 1,500 போட்டோடயோடு கொண்ட விழித்திரை சிப் செய்த ஜெர்மனியின் ரெட்டினா இம்ப்ளான்ட் நிறுவனமும் 2019-ல் மூடப்பட்டது. டோபெலையும் சேர்த்தால் மூன்று. நாலாவதும் உண்டு, அதில்தான் நல்ல செய்தியும் இருக்கிறது.

அடக்கமான ஒரு வெற்றி

பிரான்ஸின் பிக்ஸியம் விஷன் நிறுவனத்தின் ப்ரிமா, ஸ்டான்ஃபோர்டின் டேனியல் பலங்கர் வடிவமைத்தது. 2 மி.மீ.க்கு 2 மி.மீ. அளவு, 378 மின்முனைகள், வயர் கிடையாது. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி அழிந்துபோகும் நோய்க்கானது. கண்ணாடியில் உள்ள கேமரா காட்சியை அகச்சிவப்பாக மாற்றிக் கண்ணுக்குள் அனுப்பும், சிப் அதை சோலார் பேனல் மாதிரி மின்சாரமாக்கும்.

2025 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது. 38 பேருக்கு வைத்தார்கள், ஒரு வருடம் கழித்துச் சோதிக்க முடிந்த 32 பேரில் 26 பேருக்குப் பார்வைக் கூர்மை குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. 27 பேர் வீட்டில் எழுத்து, எண், சொல் படிக்க இதைப் பயன்படுத்தினார்கள். ஜூம் வசதியோடு, மாதக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு, கருப்பு வெள்ளையில். பக்கவிளைவுகளும் இருந்தன, 19 பேருக்குக் கடுமையான பாதிப்புகள் வந்ததாக அதே கட்டுரை பதிவு செய்கிறது.

378 மின்முனையில் இது எப்படிச் சாத்தியமானது? போட்டோரிசெப்டர்கள் செத்துப்போன இடத்தில், அதற்கு அடுத்த கட்டத்தில் உள்ள பைபோலார் செல்களை இந்த சிப் தூண்டுகிறது. விழித்திரையின் மீதி வேலைகளும், பார்வை நரம்பும், கார்டெக்ஸும் தங்கள் வழக்கமான வேலையையே செய்கின்றன. என்கோடிங்குக்கு முன்னால் நுழைவதால் என்கோடிங்கை உடைக்கவில்லை. இதனால்தான் எலக்ட்ரோடு எண்ணிக்கை முதல் கேள்வி இல்லை என்கிறேன், எந்தக் கட்டத்தில் நுழைகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் இந்தக் கதவு பார்வை நரம்பே போனவர்களுக்குத் திறக்காது, அவர்களுக்கு மூளை வழிதான் மிச்சம். ஆகவே மூளைக் கருவி ஆராய்ச்சி நிற்கக் கூடாது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சரி, நாலாவது எங்கே என்கிறீர்களா? இந்த முடிவு வெளிவருவதற்கு முன்பே, 2024 தொடக்கத்தில் பிக்ஸியம் திவாலாகிவிட்டது. அதன் சொத்துகளை சயின்ஸ் கார்ப்பரேஷன் வாங்கியதால் ப்ரிமா பிழைத்தது. அதை நடத்துபவர் மேக்ஸ் ஹோடாக், நியூராலிங்க்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். வாங்க ஆள் வராமல் போயிருந்தால், வேலை செய்யும் கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டே அந்த 38 பேரும் ஆர்கஸ்காரர்களின் வரிசையில் நின்றிருப்பார்கள்.

கேட்க வேண்டியவை

இனி 'பார்வை திரும்பியது' என்று ஒரு தலைப்பு வந்தால் நான் பார்க்கும் நாலு விஷயம்:

1. பார்த்தார் என்றால் எதைப் பார்த்தார்? புள்ளி, எழுத்து, கதவு, முகம் எல்லாம் வேறு வேறு. அன்றாட வாழ்க்கையில், வெள்ளைக் கோலும் செல்போனும் தராத எதை இது தந்தது?

2. சிக்னல் எந்தக் கட்டத்தில் நுழைகிறது? எலக்ட்ரோடு எண்ணிக்கையை மட்டும் சொல்லும் செய்தி, மெகாபிக்சல் மட்டும் சொல்லி கேமரா விற்கும் விளம்பரம்.

3. யாருக்கு? பெரியவராகிப் பார்வை இழந்தவருக்குக் கிடைத்த முடிவைப் பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு நீட்டிச் சொல்கிறார்களா?

4. நிறுவனம் மூடினால் என்ன ஏற்பாடு? உதிரி பாகம், மென்பொருள், எம்ஆர்ஐ விவரம், எடுப்பதற்கான செலவு இதற்கெல்லாம் முன்கூட்டியே ஒதுக்கிய பணம் இருக்கிறதா? சோர்ஸ் கோடும் வடிவமைப்பும் மூன்றாம் நபரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா?

நாலாவது ஏற்பாடு மென்பொருள் ஒப்பந்தங்களில் பல வருடமாக இருப்பதுதான். சப்ளையர் காணாமல் போனால் வாங்கியவர் கையில் கோடு வந்துவிடும். ஒரு கம்பெனியின் சம்பளக் கணக்கு சாஃப்ட்வேருக்குக் கேட்டு வாங்கும் இந்தப் பாதுகாப்பை, மூளைக்குள் கருவி வைத்துக்கொள்பவருக்கும் கேட்க வேண்டும். அனுமதி கொடுக்கும்போதே எஃப்டிஏ போன்ற அமைப்புகள் இதைக் கட்டாயமாக்கலாம், இதற்குப் புது அறிவியல் எதுவும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. 'பிளைண்ட்சைட்' என்ற சொல்லை 1970-களில் நரம்பியலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ். விஷுவல் கார்டெக்ஸ் சேதமான சிலர், எதுவும் தெரியவில்லை என்பார்கள். ஆனால் பொருள் எங்கே என்று ஊகித்துச் சொல்லச் சொன்னால் சரியாகக் கைகாட்டுவார்கள். அதைத்தான் அவர் அப்படி அழைத்தார். அதாவது கார்டெக்ஸ் போன பிறகும் மிஞ்சும் ஏதோ ஒன்றுக்கான பெயர். அதை எடுத்து, கார்டெக்ஸ் இல்லாவிட்டால் வேலையே செய்யாத கருவிக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கும்போது புத்தகத்தைப் புரட்டாததில் யாருக்கும் நஷ்டமில்லை. வாக்குறுதி கொடுக்கும்போதும் புரட்டாமல் விட்டால், அதை நம்பித் தலையைக் கொடுப்பவருக்குத்தான் நஷ்டம்.